சுங்கை சிப்புட்டில் 12 வாரம்: வரலாறு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள், "அக்கா, வரலாறு எடுத்தவங்களுக்குத் தொழிலியல் பயிற்சி எங்க கிடைக்கும், அங்க போய் என்ன செய்யச் சொல்வாங்க, லாக்புக்ல என்ன எழுதணும்?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த முறை எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன், நான் செய்த பெரிய தப்பையும் சேர்த்து.

நான் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு படித்தபோது 12 வாரம் பயிற்சி. கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூரிலேயே அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், பத்திரிகை என்று இடம் பிடித்துக்கொண்டார்கள். நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனைக் கேட்டேன். அம்மா பிறந்தது அங்கே ஒரு தோட்டத்தில், அத்தை வீடு டவுனிலேயே இருந்தது, தங்கும் செலவு இல்லை, அதுதான் முதல் காரணம், மறைக்க ஒன்றுமில்லை. டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் தமிழர் அமைப்பு ஒன்று பழைய சாமான்களைச் சேர்த்து வைத்திருந்தது. லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்தபோது யாரோ தூக்கி வந்த செக்ரோல் புத்தகங்கள் (தொழிலாளர் பெயரும் வேலைக்கு வந்த நாளும் கூலியும் எழுதிய பதிவேடுகள்), மூடிப்போன தோட்டப் பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள், தோட்டம் வாங்கத் தொழிலாளர்கள் பணம் போட்ட நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகங்கள், ரப்பர் பால் வெட்டும் உளி, பால் பிடிக்கும் மங்கு, சட்டம் போடாத ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லோரும் அவரை ஐயா என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தக் காகிதமெல்லாம் ஏன் காப்பகத்தில் இல்லாமல் கடைவீட்டு மாடியில் கிடக்கிறது என்று முதல் நாளே கேட்டேன். நம் மலேசியாவின் 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் முக்கியமாக அரசாங்க அலுவலகங்களின் ஆவணங்களைப் பற்றியது. தோட்டக் கம்பெனியின் செக்ரோல் அந்தக் கம்பெனியின் சொந்தக் காகிதம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு, தோட்டம் கைமாறி, ஆபீசைக் காலி செய்யும்போது அவை குப்பையோடு குப்பையாக எரிந்துபோயின. ஒரு கிராணியின் (தோட்ட ஆபீஸ் எழுத்தரின்) மகனோ வேலையை மேற்பார்த்த ஒரு மண்டோரோ மனது கேட்காமல் எடுத்து வைத்ததுதான் மிச்சம். இது தெரிந்த பிறகு அந்த மாடியில் நான் தொட்ட ஒவ்வொரு தாளும் வேறு மாதிரி தெரிந்தது. பயிற்சிக்குப் போகும் இடத்தில் முதலில் இதைக் கேளுங்கள்: இது யாருடையது, எப்படி இங்கே வந்தது, யார் கொடுத்தார்கள். பதில் தெரியாத பெட்டிகளும் இருக்கும், அவற்றின் மேல் "தெரியவில்லை" என்று எழுதி வைப்பதும் வேலைதான்.

சரி, போவதற்கு முன்பு. விண்ணப்பத்தை மூன்று நான்கு மாதம் முந்தியே அனுப்பிவிடுங்கள், சின்ன அமைப்புகளில் செயற்குழு கூடினால்தான் பதில் கடிதம் வரும், அந்தக் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழகம் உங்களை விடாது. காப்புறுதி யார் எடுக்கிறார்கள், அலவன்ஸ் உண்டா, எத்தனை மணிக்கு வர வேண்டும், சனிக்கிழமை வேலையா, வாரா வாரம் யார் கையெழுத்துப் போடுவார், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு அலவன்ஸ் கிடையாது, மதியச் சாப்பாடு மட்டும். அது முன்கூட்டியே தெரிந்ததால் வருத்தம் இல்லை. தெரியாமல் போனது வேறு. முதல் இரண்டு வாரம் என்னைத் திருவிழா நன்கொடை ரசீது எழுத வைத்தார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ரசீது, நடுவில் விருந்தாளிகளுக்கு மைலோ கலக்குவது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆள் குறைவு, படித்த பிள்ளை ஒன்று சும்மா கிடைத்திருக்கிறது என்று நினைத்தார்கள். நான் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய் அத்தையிடம் அழுதேன். அத்தைதான் சொன்னார், "நீ கேக்காட்டி அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" மறுநாள் ஐயாவிடம் பல்கலைக்கழகக் கையேட்டை எடுத்துப் போய், நான் செய்ய வேண்டிய வேலை என்று அதில் போட்டிருப்பதைக் காட்டி, பட்டியல் எடுப்பது, படியெடுப்பது, பேட்டி எடுப்பது என்று மூன்று வேலையை ஒரு தாளில் எழுதி, நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் உடனே ஒப்புக்கொண்டார், கோபப்படவும் இல்லை. இரண்டு வாரம் போனது போனதுதான். நீங்கள் அந்தத் தாளை முதல் நாளே எழுதிவிடுங்கள். அதற்காக நாற்காலி தூக்க மாட்டேன், மைலோ கலக்க மாட்டேன் என்று நிற்கவும் கூடாது, அங்கே எல்லோரும் எல்லா வேலையும் செய்கிறவர்கள்.

லாக்புக், அதாவது பயிற்சியின் தினசரிக் குறிப்பேடு, அதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். அன்றன்றைக்கு எழுதினால் பத்து நிமிடம், வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஐந்து நாளை நினைவுபடுத்தினால் பாதி பொய்யாகிவிடும். "ஆவணங்களை ஒழுங்குபடுத்தினேன்" என்று எழுதாதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. "1951 செக்ரோல், 14ஆம் பக்கத்திலிருந்து 31 வரை படியெடுத்தேன், 22ஆம் பக்கத்தில் கீழ்ப்பாதியைக் கரையான் அரித்திருக்கிறது, மூன்று பெயர் படிக்க முடியவில்லை" என்று எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். விடுப்பு எடுத்தால் எம்.சி. (மருத்துவச் சான்று) கடிதத்தை அதே பக்கத்தில் ஒட்டுங்கள், வருகை குறைந்தால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் காப்பாற்றாது.

காகிதத்தைக் கையாள்வதை எனக்கு வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. ஐயா சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும்தான். மேசைக்கு மேலே காற்றாடியை நிறுத்த வேண்டும், வேர்க்கும், பரவாயில்லை, பிரிந்த தாள் பறந்து கிழிந்தால் திரும்ப வராது. பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டுப் பென்சில் மட்டும். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் திருப்பும் பழக்கம் எனக்கு இருந்தது, அதை விட ஒரு வாரம் ஆனது. பழைய காகிதத்துக்குத் துணிக் கையுறை போட வேண்டாம், துணியில் தாளின் ஓரம் மாட்டிக் கிழியும், கழுவித் துடைத்த காய்ந்த கைதான் நல்லது. படங்களுக்கு மட்டும் ரப்பர் கையுறை, விரல் எண்ணெய் படத்தின் மேல் தடமாகத் தங்கிவிடும் என்பதால். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல் மெல்ல நெகிழ்த்தி எடுக்க வேண்டும். செலோடேப், லேமினேட் இரண்டும் வேண்டவே வேண்டாம். யாரோ அன்போடு லேமினேட் செய்து கொடுத்த ஒரு கல்யாணப் படம் உள்ளேயே பழுப்பேறிக்கொண்டிருந்தது, எடுக்கவும் முடியவில்லை. தே தாரிக் (பால் தேநீர்) கட்டிய பொட்டலம் மேசைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது, சீனி ஒரு சொட்டு சிந்தினால் எறும்பு, எறும்புக்குப் பின்னால் மற்ற பூச்சி.

அப்புறம் வரிசை. ஒரு பெட்டியில் இருந்த படங்களைக் கல்யாணம், திருவிழா, பள்ளி என்று நான் அழகாகப் பிரித்து வைத்தேன். ஐயா பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. அந்தப் பெட்டியில் படங்கள் ஒரு குடும்பம் அடுக்கி வைத்த வரிசையில் இருந்தன, பெயர் எழுதாத படத்தில் இருப்பது யார் என்று முன்னால் பின்னால் இருக்கும் படத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அந்த வழியை நான் கலைத்துவிட்டேன். நல்லவேளை, ஐயா முன்பே பெட்டியைத் திறந்த நிலையில் ஒவ்வோர் அடுக்காகப் படம் எடுத்து வைத்திருந்தார், அதைப் பார்த்து இரண்டு நாளில் திரும்ப அடுக்கினேன். எதையும் வெளியே எடுக்கும் முன் பெட்டியை அப்படியே படம் எடுங்கள். ஸ்கேன் செய்வதற்கு எழுத்துத் தாள் என்றால் 300 டிபிஐ, புகைப்படம் என்றால் 600 டிபிஐ வைத்தோம். தைத்த புத்தகத்தை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு விட்டுப்போகும், அதை மேலிருந்து கேமராவில்தான் எடுக்க வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தோட்டம், ஆவண வகை, ஆண்டு, பக்கம் என்று ஒரே முறையில் வையுங்கள், பிரதி இரண்டு வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும்.

செக்ரோலைப் படியெடுப்பது சோர்வான வேலை என்று நினைத்துப் போனேன், எனக்கு மிகப் பிடித்த வேலை அதுதான் ஆனது. கிராணி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், ஒரே முனியம்மா ஜனவரியில் ஒரு மாதிரி, மார்ச்சில் ஒரு மாதிரி, புதுக் கிராணி வந்த பிறகு இன்னொரு மாதிரி. திருத்தி எழுதக் கை துறுதுறுக்கும். திருத்தாதீர்கள். இருக்கிறதை இருக்கிறபடி ஒரு பத்தியில், நீங்கள் படிப்பதைப் பக்கத்துப் பத்தியில். நான் ஒரே ஆள் என்று நினைத்துச் சேர்த்த இரண்டு முனியம்மா உண்மையில் மாமியார் மருமகள் என்று பிறகு ஒரு பாட்டி சொல்லித்தான் தெரிந்தது. தனிப் பத்தியில் வைத்திருந்ததால் பிரிக்க முடிந்தது.

பேட்டிக்கு வருகிறேன். சுங்கை சிப்புட் என்றாலே பாடப்புத்தகத்தில் 1948 ஜூன் 16தான். எல்பில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையும் பின் சூன் தோட்டத்தில் இரண்டு துரைமார்களும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நான் அந்த ஒரு நாளைக் கேட்கத்தான் ஓடினேன். முதல் பாட்டியிடம் உட்கார்ந்த உடனே "1948ல நடந்தது ஞாபகம் இருக்கா பாட்டி?" என்றேன். "எனக்கு என்னம்மா தெரியும், சின்னப் புள்ள" என்று முடித்துவிட்டார். நான் கருவியை அணைத்துப் பையில் வைக்கிற நேரத்தில், கூட வந்த அத்தை சும்மா, "பால் வெட்டப் போகையில சோறு எதில கட்டிட்டுப் போவாங்க உங்கம்மா?" என்று கேட்டார். "சோறா? கம்னிஸ்டு காலத்துல சோறு கட்டவே விடமாட்டான். முள்ளுக்கம்பி கேட்டுல நிறுத்திப் பையத் தடவிப் பாப்பான். வெறும் வயித்தோட போயிட்டு வந்துதான் சாப்பாடு" என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் பேசினார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்றுதான் அந்தச் சோதனை. கருவி அணைந்து கிடந்தது. அடுத்த வாரம் திரும்பப் போய்க் கேட்டு வாங்கினேன், ஆனால் முதல் தடவை சொன்ன மாதிரி வரவில்லை.

ஆண்டைக் கேட்காதீர்கள். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பது, எத்தனை மணிக்கு, யார் எழுப்புவார்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விடும்போது என்ன கொடுத்துவிடுவார்கள், இப்படிக் கேளுங்கள். காலம் தெரிய வேண்டுமென்றால், ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னாலா பின்னாலா, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரக் காசு கையில் பிடித்த ஞாபகம் இருக்கிறதா, சம்பந்தன் மந்திரியாக இருந்தபோதா என்று நெருங்குங்கள். துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர், 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற அந்தக் காலத்தில் சம்பளத்தில் பிடித்து பங்கு வாங்கியது எந்த வருடம் என்பது பலருக்கு அந்தப் பங்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் உடனே வந்துவிடுகிறது. ஒரு தாத்தா துரையைச் சுட்டது ராத்திரியில் என்று உறுதியாகச் சொன்னார். ஜூன் 16 அன்று நடந்தது காலையில். நான் குறுக்கிட்டுத் திருத்தப் போனேன், ஐயா மேசைக்கு அடியில் என் காலை மெல்லத் தட்டினார். அவசரகாலத்தில் எத்தனையோ இரவு துப்பாக்கிச் சத்தம் கேட்ட குழந்தை அவர். அவர் சொன்னதை அவர் சொன்னபடி எழுத வேண்டும், ஆவணத்தில் இருப்பதை அடிக்குறிப்பில் தர வேண்டும். இன்னொன்று, ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத எனக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆனது. பத்துப் பேரைப் பேட்டி எடுக்கிறேன் என்று வேலைத் திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நான்கு பேர் போதும்.

இப்போது அந்தத் தப்பு.

ஏழாம் வாரம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 1949ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று, எழுத்து அவ்வளவு அழகு, அந்தக் காலத் தமிழ் வாத்தியார் கையெழுத்து. கைப்பேசியில் படம் எடுத்து, அந்தத் தோட்டத்துப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "உங்கள் தாத்தா பாட்டி பெயர் இருக்கிறதா பாருங்கள்" என்று இதயம் போட்டு எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த படிவத்தில் நிறுவனத்தின் ஆவணங்களை அனுமதியின்றி வெளியிட மாட்டேன் என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன், அது கம்பெனிகளுக்குப் போகும் வணிகத் துறை மாணவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் நன்றி சொன்னார்கள்.

மறுநாள் காலை ஒருவர் மாடி ஏறி வந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அவருடைய காலமான அப்பாவின் பெயர் இருந்தது. தகப்பனார் என்ற பத்தியில் அவர் கேள்விப்படாத ஒரு பெயர், பக்கத்தில் பென்சிலால் "சயாம்" என்று ஒரே சொல். அவர் வாழ்நாளெல்லாம் தாத்தா என்று அறிந்தவரின் பெயர் பாதுகாவலர் என்ற பத்தியில் இருந்தது. அடையாளக் கார்டில் அவர் அப்பாவுக்குத் தகப்பன் பெயராக இருந்ததும் அந்தப் பாதுகாவலர் பெயர்தான். ஜப்பான்காரன் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சயாமுக்கு அனுப்பினானே, போனவர்களில் பலர் திரும்பவில்லை, விட்டுப்போன பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் இன்னொரு நல்ல மனிதர் ஏற்றுக்கொண்ட வீடுகள் எத்தனையோ. இதை நான் மூன்று பருவம் படித்து, பரீட்சையில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்தப் பென்சில் சொல் கண்ணில் பட்டும் அது ஒரு குடும்பம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எங்கப்பா பேர ஏம்மா போட்டே?" என்றார். சத்தம் போடவில்லை. "எங்க அத்தைக்கு எண்பது வயசு. பேத்தி காட்டி அவங்க பாத்துட்டாங்க. ராத்திரி பூரா தூங்கல."

குழுவில் அழித்தேன். அதற்குள் வேறு குழுக்களுக்குப் போயிருந்தது. ஐயாவும் நானும் அன்று மாலையே அந்த அத்தை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் எனக்குத் தேநீர் கொடுத்தார், என்னைப் பார்க்கவில்லை. அன்றிரவு லாக்புக்கில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், எழுதாமல் விட்டுவிடலாம் என்று நிறைய நேரம் யோசித்த பிறகுதான் எழுதினேன். பல்கலைக்கழக மேற்பார்வையாளருக்கு நானே போன் செய்து சொன்னேன். தனி அறிக்கை கேட்டார், மதிப்பெண் குறைந்தது, குறைய வேண்டியதுதான். ஆனால் மறைத்து, மேற்பார்வை நாளில் வேறு யார் வாயிலாகவோ தெரிந்திருந்தால் பயிற்சியே ரத்தாகியிருக்கும் என்று பிறகு சொன்னார்.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அது வணிகத் தொடர்பான தரவுகளுக்கு, நம் மாடி அறைக்கும் பதிவேட்டுக்கும் அது கைகொடுக்காது. அதனால் நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வாரத்தில் ஐயாவும் நானும் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் தமிழில் ஒரு படிவம் செய்தோம். என்ன சேகரிக்கிறோம், எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், பெயர் போடலாமா, படம் போடலாமா, பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, சம்மதத்தைக் குரலாகப் பதிவு செய்தோம். பள்ளிப் பதிவேட்டில் உள்ள பிறப்பு, தகப்பன் பெயர், சாதி, நோய் பற்றிய குறிப்பு எதுவும் குடும்பத்தாரைக் கேட்காமல் அறையை விட்டு வெளியே போகாது என்று சுவரிலும் ஒட்டினோம். நீங்கள் போகும் இடத்தில் இப்படி ஒரு படிவம் இல்லையென்றால் முதல் வாரத்திலேயே செய்யுங்கள், அதுவே உங்கள் இறுதி அறிக்கைக்கு நல்ல அத்தியாயம்.

மேற்பார்வையாளர் வரும் நாளுக்குப் பெரிய தயாரிப்பு வேண்டாம். செய்த பட்டியல், லாக்புக், ஒரு பேட்டியின் எழுத்து வடிவம், இவை மேசையில் இருந்தால் போதும். என்னுடையவர் வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, ஊர் திரும்பும் முன் எங்களைக் கோலகங்சாருக்கு அழைத்துப் போய் 1877இல் நட்ட ரப்பர் மரத்தைக் காட்டினார். அம்மா பிறந்த தோட்டமும் அந்தப் பாட்டியின் வெறும் வயிறும் இந்த மரத்தின் வம்சத்தோடு வந்ததுதானே என்று நினைத்துக்கொண்டு அதன் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

பயிற்சியில் கிடைத்ததை உங்கள் ஆய்வேட்டுக்கு எடுக்க வேண்டுமென்றால் தனியாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பயிற்சி மாணவர் என்பதால் அது தானாக உங்களுடையது ஆகாது. கடைசி வாரத்தில் கைப்பேசியில் இருந்த எல்லாப் படத்தையும் அமைப்பின் வன்தட்டில் ஏற்றி, ஐயாவுக்கு முன்னாலேயே அழித்து, ஒப்படைப்புப் பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த மனிதர் பன்னிரண்டாம் வாரம் திரும்ப வந்தார். அந்தப் பக்கத்தை அசலாகப் பார்க்க வேண்டும் என்றார். பதிவேட்டைப் பஞ்சுத் தலையணை மேல் திறந்து வைத்துவிட்டு நாங்கள் வெளியே வந்து நின்றோம். அரை மணி நேரம் இருந்தார். பேட்டி தருவீர்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு பிரதி மட்டும் கேட்டார், எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தேன், அத்தைக்கு என்றார். லாக்புக்கின் கடைசிப் பக்கத்தில் அன்றைய பதிவு: "1949 பதிவேடு, ஒரு பக்கம், ஒரு பிரதி, குடும்பத்தாரிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது."